வெள்ளைப்போளம், ஏழு எழுத்து

பாளையங்கோட்டை,
டிசம்பர் 8

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "டியூட்டிக்கு நேரமாகிறது அப்பா, அந்தக் குறுக்கெழுத்துக் குறிப்பின் விடையை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டாய். நான் சொல்லாமலே பேச்சை முடித்தேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கும் அன்று இரவு சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இரண்டு நிமிடப் பேச்சில் விளக்க முடியாது என்பதால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் வந்தால் நாளாகிவிடும். எழுதி முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் புதிர்க் கூட்டம் இன்னும் நடக்கிறதா என்றும் கேட்டாய். நடக்கிறது. வருடம் முழுவதும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டும் நாங்கள் நால்வரும், டிசம்பர் முதல் தேதியிலிருந்து தமிழுக்கு வந்துவிடுகிறோம். நாளைக்கு ஒரு குறிப்பாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை இருபத்துநான்கு குறிப்புகள். அத்தனையும் பண்டிகையோடு தொடர்புள்ள சொற்களுக்கு, அத்தனையும் நாங்களே எழுதியவை. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறிப்பை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது தையல்கடை பாய் ஏற்படுத்திய வழக்கம். அவருடைய எழுத்து, துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டதுபோல் இப்போதும் சாய்ந்தே இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வரும் அவர், சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை நான்காக மடித்தபடியே எடுத்துத் திண்ணையில் வைத்து, அதன்மேல் சாவிக்கொத்தை வைத்துவிட்டுத்தான் உட்காருவார். உன் அத்தை காப்பி ஆறும்வரை ஒன்றும் பேசமாட்டாள். தபால் மாமாவோ உட்காருவதற்கு முன்பே எழுத்துகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்.

போன வருடம் தபால் மாமா கொண்டுவந்த ஒரு குறிப்பை நாங்கள் எப்படி அவிழ்த்தோம் என்று சொல்கிறேன். அதைக் கேட்டால் என் மௌனம் உனக்குப் புரியும். குறிப்பு இதுதான்: "முடிவில்லாத நட்போடு ஒரு தங்குமிடம், வானில் மின்னும் (7)."

விண்மீன் என்றாள் அத்தை, நான்கு எழுத்துதான். தாரகை என்றேன் நான், அது மூன்று. விடை நட்சத்திரமாகத்தான் இருக்கவேண்டும் என்று சிறிது நேரத்தில் எல்லோருக்கும் தோன்றிவிட்டது, ஆனால் குறிப்பில் உள்ள மற்றச் சொற்கள் அங்கே எதற்காக நிற்கின்றன என்று காட்டாமல் விடையைக் கட்டத்தில் எழுதுவது எங்கள் திண்ணையில் செல்லாது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். பாய் மெதுவாக, "முடிவில்லாத என்றால் என்றைக்கும் உள்ள என்று ஏன் வைத்துக்கொள்கிறோம்? முடிவு இல்லாத என்று அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?" என்றார். நட்பு என்னும் சொல்லுக்கு முடிவு இல்லை. அதாவது கடைசி எழுத்து இல்லை. மிஞ்சுவது ‘நட்’. வழிப்போக்கர் தங்குமிடம் சத்திரம். அத்தை தன் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நட்சத்திரம் என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோம். மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடம் கிடைக்காமல் போன அந்தச் சத்திரம் அதே சொல்லுக்குள் முழுதாக இருந்ததை அன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

தபால் மாமா அந்த அரை மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒரு விடை கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அவர் பொறுத்திருந்ததால் எங்களுக்கு அந்தச் சொல்லே புதிதாகக் கிடைத்தது. உன்னிடம் நான் விடை சொல்லாததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை, மகளே.

நல்ல குறிப்பு நேர்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விடையை எங்கோ தூரத்தில் கொண்டுபோய்ப் புதைக்காமல், படிப்பவர் கண்ணெதிரிலேயே, குறிப்பின் சொற்களுக்குள்ளேயே அது வைத்துவிடுகிறது. படிப்பவர் தம் பழக்கத்தால் மட்டுமே அதைத் தவறவிடுகிறார். இன்னொன்றைப் பார்: "வணங்கு, இடையிழந்த வரத்துடன் மாடுகள் தங்கும் இடம் (4)." வணங்கு என்றால் தொழு. வரம் இடையிலுள்ள எழுத்தை இழந்தால் வம். சேர்த்தால் தொழுவம். இது நான் எழுதியது. எழுதிய இரவு உன் அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

எல்லாக் குறிப்பும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. முன்னணை என்ற சொல்லுக்கு நான், "எதிரில் உள்ள நீர்த்தேக்கம், பாலன் கிடத்தப்பட்ட இடம் (4)" என்று எழுதியிருந்தேன். முன், அணை, சேர்ந்தால் முன்னணை. தபால் மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை. "‘முன்’னில் இருப்பது ஒரு ‘ன்’. ‘அணை’யில் இருப்பது ‘அ’. உமது விடையில் ‘அ’ எங்கே போயிற்று, ‘ன’ எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான், விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதைத் தமிழின் இயல்பு என்றேன். புணர்ச்சியை விலக்கினால் தமிழில் பாதிக் குறிப்பு எழுத முடியாது என்றேன். கட்டத்தில் எழுத்தைத்தான் போடமுடியும், இலக்கணத்தைப் போடமுடியாது என்றார் அவர். இரண்டு நாள் நீடித்தது. கடைசியில், புணர்ச்சியால் எழுத்து மாறுமானால் ‘சேர்த்துப் படிக்க’ என்று குறிப்பிலேயே ஒரு சொல் வைத்துவிடவேண்டும் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

கட்டம் போடுவதிலும் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. நம் சொற்களில் எத்தனையோ ‘ம்’மில் முடிகின்றன, ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே ஒரு சொல்லின் கடைசிக் கட்டத்திலிருந்து இன்னொரு சொல்லைக் கீழே இறக்குவது பெரும்பாலும் நடக்காது. நம் வார இதழ்களின் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கீழிருந்து ஏறிவரும் சொல்லும் அதே ‘ம்’மில் வந்து முடியலாம் அல்லவா?

இந்த மாதம் 21-ஆம் தேதி எங்களுக்குத் தனியான நாள். 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் வேர்ல்ட் என்ற நாளிதழின் கிறிஸ்துமஸ் பதிப்புக்காக ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் கட்டங்கள் வரைந்து முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். ‘வேர்டு கிராஸ்’ என்று அவர் வைத்த பெயரை, சில வாரங்களில் அச்சுக்கோத்தவர்கள் முன்பின்னாக மாற்றிவிட, அதுவே நிலைத்துவிட்டது. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நீ தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிற லிவர்பூல்தான்.

உன் அம்மா சிமெண்டுத் தொட்டியில் வளர்க்கும் கிறிஸ்துமஸ் மரத்தின் இனத்துக்கு அராக்கேரியா என்று பெயர். அந்தப் பெயரையே பின்னாளில் புனைபெயராக வைத்துக்கொண்டவர், கார்டியன் நாளிதழில் 1958 முதல் புதிர் அமைத்த ஜான் கிரஹாம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். இராத்திரியில் மந்தையைக் காத்துத் தரையில் அமர்ந்திருந்த மேய்ப்பர்களைப் பற்றிய ஆங்கிலக் கேரல் பாட்டின் முதல் இரண்டு அடிகளிலுள்ள 59 எழுத்துகளை அவர் கலைத்து அடுக்கினார். தூதர்கள் பாடுவதையும், உலகை உயர்த்திய பிள்ளை இறங்கி வந்ததையும் சொல்லும் வேறொரு வரி அதிலிருந்து எழுந்தது. நானும் தபால் மாமாவும் ஒரு மாலை முழுவதும் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பார்த்தோம். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தமக்குப் புற்றுநோய் என்பதை 2013 ஜனவரியில் ஒரு புதிரின் வழியாகவே வாசகர்களுக்குத் தெரிவித்த அவர், குறுக்கெழுத்துக்கு நூறு வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நவம்பரில், தமது 92-ஆம் வயதில் காலமானார்.

2023-இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கியபோது பேப்பரும் வரவில்லை, மின்சாரமும் இல்லை. அப்போதும் தண்ணீர் வடிந்ததும் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாட்காட்டித் தாள் நனைந்து குறிப்பு அழிந்துபோயிருந்தது, வாயால் சொன்னார்.

இனி நீ கேட்ட குறிப்புக்கு வருகிறேன். "பனியின் நடுவே வந்தவர் தலை நுழைய, ஊர்வலம் (3)." வந்தவர் யார் என்று தேடாதே. இதற்குமேல் நான் சொல்லமாட்டேன். கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் நம் தெருமுனையில் திரும்பும்போது மார்கழிப் பனியில் முதலில் என்ன தெரியும் என்று சின்ன வயதில் நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். டியூட்டி முடிந்து திரும்பும்போது, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக யோசி.

இன்னொரு விஷயம். இந்த வருடம் இருபத்துநான்காம் குறிப்பை நீ எழுதவேண்டும் என்று நால்வரும் ஒருமனதாக முடிவுசெய்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் அன்று உனக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று அத்தையிடம் சொன்னேன்; தானும் இருபது கிறிஸ்துமஸ் வார்டில் இருந்தவள்தான், குறிப்பு எழுத அங்கே நேரம் கிடைக்கும் என்றாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உனக்கு விழுந்த சொல் வெள்ளைப்போளம், ஞானிகள் பாலனுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த நறுமணப் பிசின். வெ, ள், ளை, ப், போ, ள, ம் என்று ஏழு கட்டம். நிறத்தை வைத்துத் தொடங்கத்தான் முதலில் தோன்றும். முடிந்தால் வேறு வழி பார். நடுவில் நிற்கும் ‘ப்’பைப் புணர்ச்சியில் வந்ததாக விட்டுவிடுவாயா, தனி எழுத்தாகவே கொண்டுவருவாயா என்று இப்போதே தபால் மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. 21-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடு. விடையின் விளக்கத்தை எனக்குக்கூட எழுதாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா