கொடியில் படிந்த கரி

மன்ரோவில், பென்சில்வேனியா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். குளிருக்கு அப்பாவின் முட்டிவலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் எப்படி ஒளிந்துகொள்வது என்று குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்தார்கள் என்றாய். விளக்கை அணைத்துவிட்டு, அலமாரி ஓரமாக மற்றப் பிள்ளைகளோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்து, "எனக்குத் தும்மல் வந்துச்சு, ஆனா நான் தும்மவே இல்லம்மா" என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னாளாம். அந்த ஒரு வரி ராத்திரியெல்லாம் என் காதிலேயே இருந்தது.

அப்புறம் நீ சொன்னாய், "நீங்க வந்த அமெரிக்கா வேற அம்மா. அது நல்லா இருந்துச்சு. இது இனிமே உருப்படாது. கனடாவுக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறோம்." எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு எதுவும் கோவையாக வரும், உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் வந்த அமெரிக்கா நன்றாக இருந்தது என்றாயே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

1973இல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் மன்ஹால் என்ற ஊரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்தோம். நீ பிறந்த வீடு அது. சரிவுக்குக் கீழே மொனாங்கஹேலா ஆறு, ஆற்றங்கரை நெடுக ஹோம்ஸ்டெட் இரும்பாலை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு இரும்பு உருட்டிக் கொடுத்த இடம் அது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் 15,000 பேர் வேலை பார்த்தார்களாம். நான் கோயம்புத்தூர் மில்காரர் வீட்டுப் பெண். ஷிஃப்ட் மாறும் நேரம் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்ததும், சரி, நமக்குத் தெரிந்த ஊர்தான் இது என்று தைரியம் வந்தது.

வந்த முதல் வாரம், என் வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால், மிளகைப் பொடித்துத் தூவினதுபோல் புடவை முழுக்கக் கரித்தூள். கொடி பட்ட இடத்தில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, ஒரு ஈரத்துணியோடு வந்தாள். கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துடைத்துக் காட்டினாள். துணி போடுவதற்கு முன் தினமும் இப்படித் துடைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

அவள் ஸ்லோவாக் குடும்பத்துப் பெண். வீட்டுக்காரர் மில்லில் வேலை. "இப்போது எவ்வளவோ தேவலை" என்பாள். அவள் சிறுமியாக இருந்தபோது பிட்ஸ்பர்கில் நண்பகலிலேயே தெருவிளக்கு எரியுமாம். 1948 அக்டோபரில், இதே ஆற்றங்கரையில் தெற்கே இருக்கும் டொனோரா ஊரில், ஆலைப் புகை மேலே போக முடியாமல் ஊரின்மேல் கவிந்து நின்றது. நாலைந்து நாளில் 20 பேர் செத்தார்கள். அவளுடைய சித்தி வீடு அங்கேதான் இருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1974இல் எனக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்ததும், குளிர்கோட்டு வாங்க டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். தவணையில் வாங்கலாம், கடையின் கடன் அட்டைக்கு எழுதிக்கொடுங்கள் என்றார்கள். எழுதிக்கொடுத்தேன். சம்பளச் சீட்டும் காட்டினேன். "உங்கள் கணவர் கையெழுத்து எங்கே?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவளும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள்தான். முகம் எரிய வெளியே வந்தேன். அந்த வருஷம் அக்டோபரில்தான் பெண் என்பதற்காகவோ, கல்யாணம் ஆனவள் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் கையெழுத்தாயிற்று. அமலுக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. 1975 குளிர்காலத்தில் அதே கடைக்குப் போய் என் பெயரில், என் கையெழுத்தில் அட்டை வாங்கினேன். இன்னும் அது பீரோவில் இருக்கிறது. உன் பர்ஸில் நாலைந்து அட்டை கிடக்கிறது. அதற்குப் பின்னால் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள் என்று உனக்குத் தோன்ற நியாயமில்லை. தோன்றாமல் இருப்பதே ஒரு முன்னேற்றம்தான்.

மாப்பிள்ளையின் ஊர் வர்ஜீனியா. வெள்ளைக்காரர் வேறு இனத்தில் கல்யாணம் செய்வது 1967 வரை அங்கே குற்றம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்து ஆறே வருஷத்தில் நாங்கள் இந்த நாட்டில் இறங்கினோம். கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வது சரியா என்று 1958இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது சரி என்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். 2021இல் 94 பேர். மனுஷர் மனசு ஓர் ஆயுளுக்குள் இவ்வளவு மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அப்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லதெல்லாம் சொல்லி உன் வாயை அடைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. என் நெஞ்சில் முள்ளாக இருப்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

ஹோம்ஸ்டெட் மில்லில் கறுப்பின ஆண்களுக்குச் சூடும் புகையும் மிகுந்த வேலைகள்தான். ஒரு பிரிவில் சேர்ந்தால் பணிமூப்பு அந்தப் பிரிவுக்கு மட்டும்தான். நல்ல பிரிவுக்கு மாறினால் இருபது வருஷ சர்வீஸும் போய், புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சமம். அதனால் யாரும் மாறவில்லை. 1974 ஏப்ரலில் ஒன்பது ஸ்டீல் கம்பெனிகளும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பணிமூப்பு ஆலை முழுவதற்கும் செல்லும் என்றானது. சிறுபான்மையினரும் பெண்களுமாக ஏறக்குறைய 40,000 தொழிலாளர்களுக்கு இழந்த சம்பளத்துக்கு ஈடாக 3 கோடி டாலருக்குமேல் ஒதுக்கினார்கள். எங்கள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் இரண்டு பெண்கள் தலைக்கவசத்தோடு மில்லுக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

1986இல் மில்லே மூடிவிட்டது. பன்னிரண்டே வருஷம். காலம் காலமாகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது, ஆனால் உள்ளே போனவர்கள் சரியாக உட்காரக்கூட நேரமில்லை.

இப்போது கொடியைத் துடைக்க வேண்டியதில்லை. ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள். காற்றைச் சுத்தமாக்க 1970இல் வந்த சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு, உலை அணைந்ததற்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதே காற்றைத்தான் வேலை போனவர்களும் சுவாசித்தார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? 1985இல் மன்ரோவிலுக்குக் கிளம்பிவிட்டோம். அப்பாவின் வேலை ஆராய்ச்சிக்கூடத்தில், அது நிலைத்தது. பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும், கோயில் பக்கம், வீடு பெரியது என்றோம். எல்லாம் உண்மைதான். பக்கத்து வீட்டு அம்மா அன்று ஒரு தட்டு பியரோகி செய்து கொண்டுவந்தாள். நம்ம சோமாசி மாதிரியே மடித்து, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து வேகவைப்பார்களே, அது. வாசலில் நின்று, "அடிக்கடி வா" என்றாள். பத்து மைல் தூரம்கூட இல்லை. முதல் வருஷம் நாலு தடவை போனேன். அப்புறம் தீபாவளிக்கு ஒரு தடவை. அப்புறம் கிறிஸ்துமஸ் அட்டையோடு சரி.

போக வசதி இருந்தவர்கள் எல்லோரும் போனோம். நல்ல சம்பளக்காரர்கள், படித்தவர்கள், பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழுந்து பேசக்கூடியவர்கள். இந்த நாட்டில் எது கெட்டது என்று நீ கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஒருவர் ஒருவராகக் கிளம்பியதில் யார்மீதும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் தெரு காலியானது.

பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் பதினெட்டு வயதில் மில்லில் சேர்ந்தவன், இருபத்தைந்துக்குள் வீட்டில் உட்கார்ந்தான். மில் இருந்த இடத்தில் 1999இல் கடைத்தெரு வந்தது. பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் ஞாபகத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அவன் அப்பா இரும்பு உருட்டிய அதே மண்ணில் இவன் ராத்திரிக் காவல்காரன். பேரன் கூரை வேலைக்குப் போனான். முதுகில் அடிபட்டது. மருத்துவர் வலிமாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை நின்றதும் பையன் ஹெராயினுக்குப் போனான். கடைசியில் ஃபென்டனில் என்ற இன்னும் கடுமையான போதைமருந்து. 2017இல், 29 வயதில் போய்விட்டான்.

நான் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுதான் எனக்கு வெட்கம். இறுதிச் சடங்குக் கூடத்தில் அவளைப் பார்த்தபோது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எண்பத்தெட்டு வயது. என் கையை விடாமல் சொன்னாள்: "வீட்டுக்காரர் நுரையீரல் போய்ச் செத்தார். அப்போது வேலை இருந்தது. இப்போது காற்று நன்றாக இருக்கிறது, பேரன் இல்லை. நல்ல காலம் எது என்று என்னைக் கேட்காதே."

2021 முதல் 2023 வரை, வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குமேல் இந்த நாட்டில் போதை மிகுந்து செத்தார்கள். வியட்நாம் போர் முழுவதிலும் இறந்த அமெரிக்கர்கள் 58,000 சொச்சம்தான். ராஜ் செட்டி என்று நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஹார்வர்டில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறார். அவரும் கூட இருந்தவர்களும் கணக்கெடுத்தார்கள். 1940இல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980இல், நீ பிறந்த வருஷம், பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். அதில் நீ அதிகம் சம்பாதித்த பாதி. அந்தப் பையனின் அப்பாவுக்கு அப்படி ஒரு பாதியில் இடம் கிடைக்கவில்லை.

துப்பாக்கியைப் பற்றி உன்னோடு நான் வாதாடப் போவதில்லை. வன்முறைக் குற்றம் 1991இல் இருந்ததற்கு இப்போது ஏறக்குறைய பாதி. அதைச் சொன்னால் குட்டி தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சரியாகிவிடுமா? ஆகாது. எந்தத் தலைமுறையிலும் குழந்தைக்கு இது பாடமாக இருந்ததில்லை. 2018இல் பிட்ஸ்பர்கின் ஸ்க்விரல் ஹில் பகுதி யூதக் கோயிலில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற அன்று மாலை, அங்கே முர்ரே தெருவும் ஃபோர்ப்ஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில் நானும் அப்பாவும் மெழுகுவர்த்தியோடு நின்றோம். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். அத்தனை பேர் முன்னால் அவர்கள் பேசினார்கள். என் வயதில் எனக்கு வராத தைரியம் அது.

கனடாவுக்குப் போவதென்றால் போங்கள் கண்ணு. தடுக்க மாட்டேன். நானே ஊரைவிட்டுப் பெட்டி கட்டி வந்தவள். ஆனால் "உருப்படாது" என்று சொல்லிவிட்டுப் போகாதே. நான் பார்த்த ஒவ்வொரு நல்ல மாற்றமும், போகாமல் உட்கார்ந்து மல்லுக்கட்டின யாரோ செய்தது. உன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். "யாரோ டெக் ஆளுங்கம்மா" என்கிறாய். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள். குட்டி பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் எந்தக் கிழமை? ஒரு தடவையாவது போய் அந்தப் பயிற்சியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுந்து சொல்.

நான் இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை மன்ஹால் போகிறேன். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அங்கே நூலகத்தில் ஒரு நீச்சல்குளம் இருக்குமே, நாலு வயதில் உன்னை இறக்கிவிட்டதும் நீ கத்திய கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் இருக்கிறது. என் கைப்பையில் குங்குமச் சிமிழோடு ஒரு நலாக்ஸோன் டப்பாவும் இருக்கிறது. போதை மிகுந்து ஒருவர் மூச்சு நின்று கிடந்தால் மூக்கில் அடிக்கிற மருந்து. மருமகள்தான் எனக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். நீ வரும்போது உனக்கும் காட்டுகிறேன்.

மார்ச்சில் வருகிறீர்கள் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமையைச் சேர்த்து டிக்கெட் போடு. தவக்கால வெள்ளிகளில் அவர்கள் சர்ச் கீழ்க்கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள், பியரோகியும் உண்டு. மடிக்க ஆள் போதவில்லை, எல்லோருக்கும் வயசாகிவிட்டது என்று மருமகள் சொன்னாள். குட்டியைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுவோம். சின்ன விரல், ஓரம் நன்றாக மடிக்க வரும்.

அன்புடன்,
அம்மா