அந்தோணியார் ஜன்னல் திரும்பி வந்தது

பங்கு மக்களுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும்,

நேற்று மாலை நம் கோயிலின் அந்தோணியார் ஜன்னலை, அவர் உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னலை, மறுபடி பொருத்திவிட்டார்கள். கீழ் ஓரத்தில் தாத்தாவின் பெயர் பழையபடி இருக்கிறது. அவர் நினைவாக ஆயா வளையலை விற்றுக் கொடுத்த ஜன்னல் அது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து அதை உடைத்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி கோயில் வாசலில் பூ விற்கும் அக்காவுக்கு.

மறுநாள் காலை, கண்ணாடிகளைப் பிடித்திருந்த ஈயப் பட்டைகள் வளைந்து தொங்கியதைப் பார்த்து நாங்கள் கலங்கி நின்றோம். உடைந்ததை வாரிக் கொட்டிவிடலாம் என்றுதான் பேச்சு. அதற்கு முன்பே அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி, சில்லுகளைக் கையால் பொறுக்கியிருந்தார். பூக்கூடையில் ஈரச் சாக்கு விரித்து, நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். இரண்டாக உடைந்த முகத்தை வாழை இலையில் பொதிந்திருந்தார், மல்லிகைச் சரத்தைப் பொதிவது போலவே. விரலெல்லாம் கீறல். அவர் வேதக்காரர்கூட இல்லை. அவர் வீட்டுக் கூரையும் அன்றிரவு பறந்துபோனது என்பது எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கடைசியாக மடியிலிருந்து ஒரு வெள்ளைச் சில்லை எடுத்து நீட்டினார். "இது பூவுங்க. அதான் தனியா வெச்சேன்." அந்தோணியார் கையில் இருக்கும் லீலி மலர்!

முகத்தின் கோடுகள் சூளையில் சுட்டு ஏற்றியவை, அதனால்தான் மழையில் கரையவில்லை என்றார் கண்ணாடி வேலை செய்த அண்ணன். சில்லு குப்பைக்குப் போயிருந்தால் அதே முகம் திரும்பக் கிடைத்திருக்காது. புதுச்சேரி ரயிலடிப் பக்கம் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவில் அரை நாள் நின்று, அங்குள்ள புனிதர்களின் ஜன்னல்களில் ஈயம் ஓடும் விதத்தைப் பார்த்த பிறகுதான் அவர் வேலையில் கை வைத்தார். கன்னத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. இருக்கட்டும்.

அந்த அண்ணனுக்கும், பங்குத்தந்தைக்கும், தார்ப்பாய் கட்டிக் காத்த கோயில் பிள்ளைக்கும், சாரக் கம்பு கொடுத்த மசூதித் தெருக்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

காணாமல் போனதை அந்தோணியார் தேடித் தருவார் என்று ஆயா செவ்வாய் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுவார். இந்தத் தடவை அவரையே தேடி எடுத்தது நீங்கள், அக்கா. அடுத்த மழைக்குள் உங்கள் கூரை என் பொறுப்பு. எல்லோர் முன்னாலும் எழுதித் தருகிறேன்.

அப்புறம், இந்தச் செவ்வாய் வாசலோடு நின்றுவிடாதீர்கள். நாலரை மணி வெயிலுக்கு உள்ளே வாருங்கள். உங்கள் பூ தரையில் விழுகிறது.