இரண்டாவது பாட்டில்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சிறுநீரகவியல், நோய்க்குறியியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பிக்கு வயது 24. தொண்டை வலி வந்த மறுநாளே அவனுக்குச் சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. ஒரு மருத்துவமனையில், சிறுநீரகத்தில் ஊசி குத்தித் துளி திசு எடுக்கும் பயாப்சி செய்தார்கள். அது முடிந்து அவன் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க, எடுத்த திசுவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது நான்தான். சின்ன பாட்டில், அடியில் சேமியா இழை போல இரண்டு துண்டுகள். இரண்டும் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஒன்றாகவே கிடந்தன. அதில் என்ன தவறு என்று அன்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளில் செல்கள் பெருகியிருக்கின்றன, இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்குத் திசு வரவில்லை என்று இருந்தது. திசுவில் படிந்த எதிர்ப்புரதங்களை ஒளிரும் சாயத்தால் காட்டும் பரிசோதனை அது; ஃபார்மலினில் போட்ட திசு அதற்கு அப்படியே உதவாது. செல்கள் ஏன் பெருகின என்பதற்கு அதில் பதில் இல்லை. ஏழு வாரம் காத்திருந்து, மறுபடியும் குப்புறப் படுத்து, மறுபடியும் ஊசி குத்திக்கொண்டான். இந்த முறை ஒரு துண்டு தனிக் கரைசலில் போனது. அறிக்கையோடு ஒரு படமும் வந்தது: கறுப்புப் பின்னணியில், கிளைவிட்ட மரம் போலப் பச்சையாக ஒளிர்ந்தது ஐஜிஏ. அவனுடைய எதிர்ப்புரதமே அவன் சிறுநீரகத்தில் போய்ப் படிந்திருந்தது.

உங்களுக்குத் தெரியாதது அல்ல. 1968-இல் பிரான்சில் பெர்ஜேயும் எங்லேயும் ஐஜிஏ நெஃப்ரோபதி என்னும் இந்த நோயை அடையாளம் கண்டதே இந்த ஒளிரும் சாயத்தால்தான். சாதாரண நுண்ணோக்கியை மட்டும் வைத்து இன்றும் இதை உறுதிப்படுத்த முடியாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதங்கள், அவற்றுக்குத் துணைபோகும் சி3, சி1க்யூ புரதங்கள் ஆக ஐந்தும் ஒன்றாக ஒளிர்வதைப் பார்த்துத்தான் பல நேரங்களில் சந்தேகம் தீர்கிறது. வடிகட்டியின் சவ்வில் நேர்க்கோடாக ஐஜிஜி ஒளிர்ந்தால் அது வேறு நோய். அங்கே நாள்கணக்கில் தாமதித்தாலே சிறுநீரகம் போய்விடும்.

அதனால் கேட்கிறேன். பயாப்சி தட்டில் ஃபார்மலின் பாட்டிலுக்குப் பக்கத்தில் இம்யூனோஃபுளோரசன்ஸுக்கான திசுவைக் காக்கும் மிஷெல் கரைசல் பாட்டில் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். அதில் திசு சில நாள் தாங்கும். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பவும் அவகாசம் கிடைக்கும். ஊசி உள்ளே போகுமுன் இரண்டு பாட்டிலும் இருக்கின்றனவா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கட்டும். மில்லிமீட்டர் அளவுத் துணுக்கு ஒன்றை குளூட்டரால்டிஹைடு என்ற இன்னொரு காப்புத் திரவத்தில் போட்டு வைத்தால், தேவைப்படும்போது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பலாம். அந்த விலையுயர்ந்த கருவியை எல்லாக் கல்லூரிகளும் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சில மையங்களில் இருந்து, மற்றவர்கள் திசு அனுப்பவும் படங்களைக் கணினியில் பார்த்துக் கலந்து பேசவும் வழி இருந்தால் போதும்.

ஃபார்மலினில் போய்விட்ட திசுவையும் நொதியால் பக்குவப்படுத்தி ஓரளவு மீட்கலாம் என்று பின்னர் படித்தேன். புதிய திசு அளவுக்குத் துல்லியம் வராது என்றாலும், இரண்டாவது ஊசிக்கு முன்னால் அதை முயன்று பார்க்கலாமே என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் மாணவர்களுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள்.

தம்பிக்கு இப்போது மருந்து நடக்கிறது. சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது. அடுத்த பரிசோதனை வரும் மாதம்.

அன்புடன்,
அவனுடைய அக்கா