எரிக் எப்படி இறங்கினான்? பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகார்டின் ‘எரிக் பிரைட்டைஸ்’ நாவலை நீங்கள் மறுபதிப்பு செய்தது பற்றி நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. விடுபட்ட பக்கங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் ராத்திரி இரண்டு பக்கம் படித்து, பேரனுக்குத் தமிழில் கதையாகச் சொல்கிறேன். குட்ருடாவை விரும்பும் எரிக்கிடம் அவள் அப்பா அஸ்மண்ட், யூல் என்னும் குளிர்காலப் பண்டிகை விருந்துக்கு, ‘தங்க அருவி’ என்ற அருவி வழியாக இறங்கி வந்து சேரச் சொல்கிறார். ஐஸ்லாந்தின் குளிர்காலம். எரிக் அருவித் தலைப்பில் நிற்கிறான். பக்கத்தைத் திருப்பினால், விருந்துக் கூடத்தில் குட்ருடாவைக் கேட்டு வந்திருக்கும் ஓஸ்பாக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்!

“எப்படித் தாத்தா இறங்குனான்?”

நானே ஒரு கயிற்றைக் கட்டி இறக்கிவிட்டேன். “இது நீங்களா சொல்றது” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உங்கள் பதில்: பக்க எண்கள் வரிசையாக இருப்பதால் குறை ஏதும் இல்லை. ஸ்கேன் செய்யும்போதே தாள்களை விட்டுவிட்டு, மிஞ்சியதற்கு எண் போட்டால் வரிசையாகத்தானே இருக்கும்? ஹாகார்ட் 1888இல் ஐஸ்லாந்துக்கே போய், சாகாக்கள் என்னும் பழைய ஐஸ்லாந்து வீரகதைகள் நடந்த இடங்களைப் பார்த்தவர். திரும்பும் வழியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கப்பல் பாறையில் மோதியும் உயிர் தப்பினார். அதற்கப்புறம் எழுதிய கதை இது. கடலுக்குத் தப்பியவர் உங்கள் ஸ்கேனரில் மாட்டிக்கொண்டார்.

அட்டையைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். லான்சலாட் ஸ்பீட் வரைந்த படங்களை எடுத்துவிட்டு, கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒரு வைகிங்கை, அந்தக் கால வடநாட்டுக் கடலோடி வீரரை, நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கொம்பைப் பிரபலமாக்கியது 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த டோப்ளர். நார்வேயில் 1943இல் கிடைத்த நிஜமான வைகிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. பதிப்புரையில் ‘ஆய்வுப் பதிப்பு’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். எதை ஆய்ந்தீர்கள், மாட்டையா?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கொம்பு இருந்துவிட்டுப் போகட்டும். பணத்தையும் திருப்பித் தர வேண்டாம். அந்த நான்காம் அத்தியாயத்தின் விடுபட்ட பக்கங்களை மட்டும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாலும் சரி. பத்து நாளாக எரிக் அருவி மேலேயே நிற்கிறான். இறங்கும்வரை அடுத்த அத்தியாயம் கேட்க மாட்டேன் என்கிறான் பேரன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்