ரத்தச் சீட்டு கேட்டால் டைபாய்டு போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பதைச் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. ஆனால் டைபாய்டு, காய்ச்சலே இல்லாமல் நடமாடுகிற ஒருவர் கை வழியாகவும் வரும். கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு டைபாய்டு வந்ததும், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் 'வைடல்' ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பரிசோதனைச் செலவும் அந்தப் பெண்கள் தலையில்தான்.

டைபாய்டு வந்து குணமானவர்களில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடுகிறது. பித்தக்கல் இருந்தால் அதற்கு இன்னும் வசதி. ஆள் திடகாத்திரமாக இருப்பார். கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதை வைடல் காட்டாது. மலத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் கிருமி எல்லா நாளும் வெளியேறாது என்பதால் ஒரு தடவை பார்த்தால் போதாது.

இப்படிக் காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமந்தபடி நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண் மேரி மாலன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1906 கோடையில் அவர் சமைத்த ஒரு வீட்டில் 11 பேரில் 6 பேர் டைபாய்டில் படுத்தார்கள். ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் துருவித் துருவிப் பார்த்ததில், மேரி முன்பு வேலை செய்த வீடுகளிலும் இதே காய்ச்சல். சூடாகச் சமைத்ததில் கிருமி செத்துவிடும். சோப்பர் சந்தேகப்பட்டது, பச்சைப் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்க்ரீமை.

நம் வீட்டு இட்லியும் ஆவியில் வெந்துவிடுகிறது. மிக்ஸி ஜாரில் ஒட்டிய தேங்காய்ச் சட்னியை விரலால் வழித்துப் போடுகிறோமே, அது வேகுமா? மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்த டிரம்முக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுச் சொம்பில் மொள்ளுகிறோமே? அந்தக் கை வேலைக்கு வரும் அக்காவுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? பித்தக்கல் பெண்களுக்குத்தான் அதிகம். அந்த வீட்டுப் பாட்டிக்கும் இருக்கலாம். நோட்டீஸில் பாட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மேரியை 1907-ல் ஒரு தீவில் அடைத்தார்கள். சமைக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு 1910-ல் விட்டார்கள். துணி துவைக்கும் வேலையில் சமையலுக்குக் கிடைத்த சம்பளம் இல்லை. 1915-ல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தார். 25 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். அது தப்புதான், சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் 1938-ல் சாகும்வரை அவரைத் தீவிலேயே வைத்திருந்த அதே ஊரில், 1924-ல் இதே கிருமியோடு, உணவு தயாரிக்கக் கூடாது என்ற விதியை மீறிப் பிடிபட்ட பேக்கரி முதலாளி ஒருவர் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வீட்டுக்குப் போனார்.

உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. தள்ளுவண்டியில் கூழ் கரைத்து ஊற்றுபவரும் நான்கு வீட்டில் சமைக்கும் பெண்ணும் அதற்கு எங்கே போவார்கள்? மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மல கல்ச்சரையும் டைபாய்டு தடுப்பூசியையும் இவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். கிருமி இருப்பது தெரிந்தால் வாரக்கணக்கில் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். அதுவரை சமையலறையை விட்டுவிட்டுப் பெருக்கித் துடைக்கச் சொல்லலாம். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. குடியிருப்புச் சங்கங்கள் நோட்டீஸை மாற்றி எழுதுவதானால், முதலில் கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு வைக்கட்டும். வேலைக்கு வரும் பெண்களை அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த விடாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21