படகின் அடிப்பூச்சு எத்தனை நாள் தாங்கும்? தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

படகுகளுக்கு அடிப்பூச்சு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். படகின் அடியில் பாசியும் உயிரினங்களும் ஒட்டாமல் இருக்கப் பூசும் உங்கள் பெயிண்ட் டப்பாக்களில் ‘ஒரு சீசன்’, ‘பல சீசன்’ என்று பெரிதாக அச்சிடுகிறீர்கள். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் ஒரு சீசன் என்றால் எத்தனை மாதம், எந்த மாதிரித் தண்ணீரில், எவ்வளவு கனமாகப் பூசினால் என்பது டப்பாவில் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை. குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரில் நன்றாகத் தாங்கும் அதே பெயிண்ட், வெதுவெதுப்பான கடலில் பாதிக் காலத்திலேயே கைவிட்டுவிடலாம். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாய்மரப் படகு ஒன்றைக் கிரேனில் தூக்கியதும் அடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அகலமான பக்கங்களில் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலே மெல்லிய வழுவழுப்பு, அவ்வளவுதான். கையால் தேய்த்தால் போய்விடும். சுக்கானின் முன்விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து பிரைமர் தெரியும். நீர்க்கோட்டை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப் பாசி. போன தடவை கரையில் நிறுத்தியபோது முட்டுக் கொடுத்த இடங்களில் அவசரத்தில் ஒரே ஒரு கை பூசியிருப்பார்கள். அங்கே கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) நெருக்கமாக அப்பியிருக்கும், முட்டுப் பலகையின் சதுரம் அளவெடுத்த மாதிரி தெரியும். சதுரத்துக்கு வெளியே ஒன்றுகூட இருக்காது.

ஆக, உங்கள் சரக்கில் குறை என்று சொல்ல வரவில்லை. போதுமான கனம் இருக்கிற இடத்தில் அது வேலை செய்கிறது. அந்தக் கனம் எவ்வளவு, அது எந்த வேகத்தில் குறைகிறது என்பதைத்தான் கேட்கிறோம்.

கரையும் வகைப் பூச்சில் இதையாவது கண்ணால் பார்க்கலாம். முதல் கை சிவப்பு, அதற்கு மேல் நீலம் என்று அடித்துவிட்டால், சிவப்பு தெரியும்போது மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று புரிந்துவிடும். கடின வகையில் அந்த வசதியும் இல்லை. உயிரினங்களை ஒட்டவிடாத மருந்தான செம்பு மெல்ல மெல்லக் கசிந்து போனபிறகும் பிசின் படலம் அப்படியே நிற்கும். நிறம் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. கொட்டலசு ஒட்டிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. போதாததற்கு, பல கடினப் பூச்சுகள் தண்ணீருக்கு வெளியே சில வாரம் காய்ந்தாலே வலுவிழக்கும். பூசிய பிறகு எத்தனை நாளுக்குள் படகை நீரில் இறக்க வேண்டும், மறுபடி கரையேற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தனித் தாளில் பொடி எழுத்தில் இருந்து என்ன பயன்?

இன்னொன்று, தானாகத் தேய்ந்து புதுப்பித்துக்கொள்ளும் பூச்சுகள் ஓயாமல் ஓடுகிற கப்பல்களை மனதில் வைத்து உருவானவை. ஒட்டியதை நீரோட்டமே உதிர்த்துவிடும் சிலிக்கோன் பூச்சுக்கும் வேகம் வேண்டும். பாய்மரப் படகு ஓடினால் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் வேகம். மற்ற நாளெல்லாம் கட்டிய இடத்திலேயே கிடக்கும். எங்களுக்கு வேண்டியது ‘சும்மா கிடக்கும்போது’ எப்படித் தாங்கும் என்ற கணக்கு. பூசிய தகடுகளை அசையாத கடல்நீரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுச் சோதிக்கும் வழக்கம் உங்கள் துறையில் பல காலமாக உண்டு. அந்தத் தகடுகளின் படங்களையும் நீரின் வெப்பத்தையும் மாதவாரியாக வெளியிடுங்கள். கெட்டுப்போன தகடுகளையும் சேர்த்துத்தான்.

மருந்தைக் கூட்டி ஆயுளை நீட்டச் சொல்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் கப்பல்களில் ஐந்து ஆண்டுவரைகூடத் தாங்கியது. அதற்கு விலையாகப் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணிப்போனது, வளர்ப்புத் தொழிலே ஆட்டம் கண்டது. 1982இல் அந்த நாடு 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. அதைத் தடைசெய்ய 2001இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது. சைபுட்ரின் என்ற இன்னொரு மருந்தின் மீதான தடையும் 2023இல் தொடங்கிவிட்டது. செம்புக்கும் கலிபோர்னியாவில் 2018 முதல் உச்சவரம்பு: ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நாளுக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாமே சரி. மருந்துக்கு வரம்பு வந்தபிறகு கனமும் பராமரிப்பும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டைப் பற்றித்தான் டப்பா வாயே திறப்பதில்லை.

எனவே டப்பாவின் முன்பக்கத்திலேயே இவற்றைப் போடுங்கள்: காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் இருக்க வேண்டும், அதற்கு ரோலரில் எத்தனை கை, வெதுவெதுப்பான நீரில் நிற்கும் படகில் மாதம் எத்தனை மைக்ரான் போகும். விளிம்புகளுக்கும் நீர்க்கோட்டுக்கும் கூடுதலாக எத்தனை கை என்பதையும் சேருங்கள். செம்புப் பூச்சு அலுமினிய அடியை அரித்துவிடும் என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் வேண்டும். அப்புறம், நீருக்குள் துடைக்கலாமா, எதனால் துடைக்கலாம் என்பதும். கரையும் பூச்சை முரட்டு பிரஷால் தேய்த்தால் தண்ணீரில் நிறமே மேகமாகக் கிளம்பும். அது பாசி மட்டுமல்ல, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பூச்சு; அதிலிருக்கும் செம்பு துறைமுகத்தின் அடிச்சேற்றில்தான் போய்த் தங்குகிறது.

அடுத்த முறை லேபிள் அச்சிடும்போது ‘சீசன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, இந்த எண்களைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு வைத்திருக்கும் ஒருவர்