ஸ்டேபிள் பதிப்பு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீடியோ கேம் கன்சோல்களின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்ட உதவும் எமுலேட்டர்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிமுகம் என்ற அளவில் நன்றாகவே இருந்தது. ஆனால், நிரலில் மாற்றம் வரும்போதெல்லாம் உடனுக்குடன் வெளிவரும் டெவலப்மென்ட் பில்டுகளின் பக்கமே போகாமல், முறைப்படி வெளியிடப்படும் ஸ்டேபிள் பதிப்பை மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பது, அலுவலக மென்பொருளுக்குப் பொருந்தலாமே தவிர, எமுலேட்டர் விஷயத்தில் பல நேரங்களில் வாசகருக்கு நட்டமாகவே முடியும்.

டால்பின் எமுலேட்டரையே எடுத்துக்கொள்வோம். நின்டெண்டோவின் கேம்கியூப், வீ ஆகிய கன்சோல்களுக்கான இதன் 5.0 பதிப்பு 2016 ஜூனில் வந்தது; அடுத்த முறையான வெளியீடு 2024 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் 5.0 என்பதற்குப் பின்னால் ஒட்டப்படும் மாற்ற எண் 20,000-த்தையும் தாண்டிவிட்டது. விளையாட்டில் புதிய காட்சி ஒன்று வரும்போதெல்லாம், அதற்கான ஷேடரை (காட்சியை வரையும் சிறு நிரல்) கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்பத் தொகுத்து முடிக்கும்வரை படம் ஒரு கணம் திக்கி நிற்பது இந்த எமுலேட்டரின் நெடுநாள் தொல்லை. அதைப் போக்கும் ‘உபர்ஷேடர்’ வசதி 2017-இலேயே டெவலப்மென்ட் பில்டில் சேர்ந்துவிட்டது. ஸ்டேபிளை மட்டுமே நம்பியவர்கள், தீர்ந்துபோன ஒரு குறையோடு மேலும் ஏழு ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

டெவலப்மென்ட் பில்டு என்றாலே சோதிக்காமல் வெளியில் தள்ளிவிட்ட அரைகுறைச் சரக்கு என்ற எண்ணமும் சரியல்ல. டால்பினில், விளையாட்டுகள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அனுப்பும் கட்டளைகளை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நிரலில் மாற்றம் வரும்போது அவற்றை மறுபடி ஓட்டி, கிடைக்கும் படத்தை முந்தைய படத்தோடு தானியங்கி முறையில் ஒப்பிடுகிறார்கள். அதையும் மீறிப் பிழை நுழைவதுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் இந்தப் பில்டுகளின் வரிசையே கைகொடுக்கிறது. உதாரணமாக, ஒரு விளையாட்டில் நிழல் விழவில்லை என்றால், அது சரியாக விழுந்த பழைய பில்டுக்கும், விழாத புதிய பில்டுக்கும் நடுவிலுள்ள ஒன்றை ஓட்டிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் இருக்கிறதோ அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். இப்படியே போனால் ஆயிரம் பில்டுகளுக்கு நடுவிலிருந்தும் சுமார் பத்துச் சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் செய்யக்கூடிய பயனுள்ள உதவி இது.

பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1.6 பதிப்பு 2020-இலும் 2.0 பதிப்பு 2024-இலும் வந்தன. இடையில் 64 பிட் ஆதரவு, வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறை, புதிய இடைமுகம் என எல்லாமே 1.7 நைட்லி பில்டுகளின் (அங்கே டெவலப்மென்ட் பில்டுகளுக்குப் பெயர் இதுதான்) வழியாகத்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. பிளேஸ்டேஷன் 3-க்கான ஆர்பிசிஎஸ்3-இல் ஸ்டேபிள் என்று தனியாக ஒன்று கிடையாது என்பதால், அங்கே கட்டுரையாளரின் அறிவுரையைப் பின்பற்றவே வழியில்லை.

கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை வேறு. ஆட்டத்தின் அந்தக் கணத்து நிலையை எமுலேட்டரே அப்படியே சேமித்து வைப்பது ‘சேவ் ஸ்டேட்’; ஒரு பில்டில் எடுத்தது அடுத்த பில்டில் திறக்காமல் போகலாம். ஆகவே, பில்டை மாற்றுவதற்கு முன் விளையாட்டுக்குள்ளேயே மெமரி கார்டில் சேமித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நெட்பிளே என்ற இணையவழி வசதி மூலம் நண்பரோடு ஆட வேண்டுமானால் இருவரிடமும் ஒரே பில்டு இருக்க வேண்டும். எந்தப் பில்டாக இருந்தாலும், அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எந்தப் பில்டில் சோதித்துப் பார்த்து எழுதப்பட்டது என்பதை அதன் எண்ணோடும் தேதியோடும் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி